ஜீப்பு செல்ஃப் எடுத்த அன்னைக்கு

கம்பத்துல தங்கபாண்டியத் தேடணும்னா ஆளத் தேடக்கூடாது, இறக்கத்தத் தேடணும். ரோடு எங்கன கொஞ்சம் சாஞ்சு கெடக்கோ அங்கன அவன் ஜீப்பு நிக்கும். முன் டயருக்கு அண்டையா ஒரு கல்லு. கிளம்பும்போது கல்ல எடுத்துக் காலடியில போட்டுக்குவான், ரெண்டாங் கியரப் போட்டுக் கிளட்ச அமுக்கிக்கிட்டே உருள விடுவான், வேகம் பிடிச்சதும் பட்டுனு காலை எடுப்பான். ஜீப்பு ஒரு குலுக்குக் குலுக்கி, தும்மி, இருமி, டுர்ர்ருனு கிளம்பும். இதே கததான் நாலு வருசமா.

டீ குடிக்கக்கூட, டீ நல்லாருக்கிற கடைக்குப் போக மாட்டான். இறக்கத்துல இருக்கிற கடைக்குத்தான் போவான். அந்தக் கடைக்காரரு பாத்திரம் கழுவுன தண்ணியவா குடுக்குறாருன்னு சந்தேகம் வரும். ஆனா கடை வாசல்ல நல்ல சரிவு. "டீ எப்படி இருக்கு தங்கபாண்டி?"ன்னு கேட்டா, "இடம் சூப்பர்ண்ணே"ம்பான்.

அவனுக்குப் பொண்ணு அமையாமப் போனதும் இதுலதான். ஜெயமங்கலத்துல ஒரு பொண்ணு. சுத்தி வயலு, கல்லுல தோசை ஊத்துன மாதிரி சமதரை. பொண்ணு வீடு அதுக்கு நட்ட நடுவுல. கேசரி தின்னு, பஜ்ஜி தின்னு, பொண்ணும் லேசாச் சிரிச்சு, எல்லாம் பொருந்தி வந்து, கிளம்புவோம்னு சாவியத் திருகுனான். டிக். இன்னொருக்காத் திருகுனான். டிக். பெறகு பொண்ணோட அப்பா, சித்தப்பா, தாய்மாமன்னு எல்லாரும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தள்ளுனாக. வரப்பு முடியிற வரைக்கும் தள்ளுனாக. மூச்சு வாங்கிக்கிட்டே அந்த அப்பா, அவரு தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருக்கும், "மாப்ளைய இப்பவே நாங்கதான் தள்ள வேண்டியிருக்கு"ன்னாரு. அம்புட்டுதான். அங்கிட்டு இருந்து பெறகு போனே வரல.

இந்தக் கதைய ஊரு பூராம் நடிச்சுக் காமிச்சது அவன் மதினி ராக்கம்மா. அண்ணன் அழகுமலையோட சம்சாரம். அழகுமலை திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்காரு, தீவாளிக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் வருவாரு. தங்கபாண்டிக்குச் சோறு அண்ணன் வீட்டுலதான். மதினியும் கொழுந்தனும் சேந்தா அந்த வீட்டுல டிவி தேவையில்ல. ராக்கம்மா அந்த ஜெயமங்கலத்து அப்பா மாதிரி இடுப்புல கைய வச்சு, தொண்டையக் கரகரன்னு ஆக்கி, மூச்சு வாங்கி, அப்பிடியே வந்து நிப்பா. ஆனா அவளுக்குப் பிரமாதமா வர்றது ஜீப்புதான். சாவியத் திருகுற மாதிரி கையத் திருப்பி, நாக்க மேலண்ணத்துல ஒட்டி ஒரு சத்தம் குடுப்பா. "டிக்."

"கொழுந்தனாரே, ஒங்க வண்டி நேத்து என்ன சொல்லுச்சு? டிக். இன்னைக்கு என்ன சொல்லுது? டிக். சொன்ன சொல்லு மாறாத ஆம்பள இந்த ஊருல அது ஒண்ணுதான்யா."

"ஒனக்கு வாய் இருக்குற எடத்துல ஒரு பேட்டரி இருந்திருந்தா, நான் வண்டிக்கு வாங்கவே வேண்டியதில்ல மதினி."

தங்கபாண்டிக்கு வயசு முப்பத்தஞ்சுக்குப் பக்கம். பத்தாப்பு முடிக்கல. ஜீப்புக்குக் கிளீனராப் போயி, பெறகு மாத்து டிரைவரா ஓட்டி, கடைசியில ஒரு பழைய ஜீப்புக்குச் சொந்தக்காரனானவன். வேலை என்னன்னா, கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடி தெருத் தெருவாப் போயி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற பொம்பளைகள ஏத்தணும். கம்பமெட்டு ரோட்டுல வளைவு வளைவா ஏறி, கேரளாவுக்குள்ள கொண்டு போயித் தோட்டத்துல விடணும். அவுக காய் எடுத்து முடிக்கிற வரைக்கும் அங்கனயே கெடந்து, சாயங்காலம் திரும்பக் கூட்டியாரணும். ராக்கம்மாவும் அந்த வண்டியிலதான் போவா. டிரைவருக்குப் பின்னாடி சீட்டு அவளுக்கு. யாரு அதுல உக்காந்தாலும், "ஏத்தா, எந்திரி, இது குடும்பச் சொத்து"ம்பா.

வண்டி ஏன் செல்ஃப் எடுக்கலன்னு கேட்டா தங்கபாண்டிகிட்ட பதில் ரெடியா இருக்கும். "லைட்டு எரியுதா? எரியுது. ஹார்ன் அடிக்குதா? ஊரே திரும்பிப் பாக்குது. பாட்டு பாடுதா? பாடுது. அப்ப பேட்டரி நல்லாத்தான இருக்கு? செல்ஃபு மோட்டாருதான் மண்டயப் போட்டுருச்சு." இப்பிடிச் சொல்லிச் சொல்லியே நாலு வருசம் ஓட்டிட்டான். மோட்டாரக் கழட்டியும் பாக்கல, பேட்டரிய மாத்தவும் இல்ல. உருட்டுனாக் கிளம்புது, பெறகென்னங்குற நெனப்பு.

ராக்கம்மா மக கயலு. பிளஸ் டூ. அவ ஒரு நா சாயங்காலம் பரீச்சைக்கு உருப்போட்டுக்கிட்டு இருந்தா. "புறச்சுற்றில் மின்னோட்டம் பாயாத நிலையில் மின்கலத்தின் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு, மின்னியக்கு விசை..." ராகம் போட்டுப் படிச்சா. அடுப்படியில இருந்து ராக்கம்மா அதே ராகத்துல, "மின்னியக்குஉஉ விசை"ன்னு எதிர்ப்பாட்டுப் பாடுனா.

"அம்மா, சும்மா இரும்மா. சித்தப்பா, ஒங்க வண்டிக்கு இதேதான் சீக்கு. பேட்டரிக்கு உள்ளயே ஒரு தடை இருக்கும், அகமின்தடைன்னு. பேட்டரி கெழடாக ஆக அது கூடிரும்."

"உள்ள என்ன இருந்தா நமக்கென்ன கயலு, வெளியில வேலை செய்யுதுல்ல?"

"எங்க செய்யுது?"

அவன் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சோறு போடச் சொன்னான்.

ஆடி பொறந்து காத்தும் சாரலும் ஆரம்பிச்சதும் பொம்பளைக முணுமுணுக்க ஆரம்பிச்சாக. தோட்டத்துல அவன் ஜீப்ப மேல ரோட்டுச் சரிவுலதான் நிப்பாட்டுவான். கீழ ஏலக்கா காய வைக்கிற ஸ்டோரு. அது குழிக்குள்ள இருக்கு, அம்மிக்கல்லு கெணக்கா சமதரை. மேல இருந்து ஸ்டோருக்கு மழையில வழுக்கி வழுக்கி எறங்கணும், சாயங்காலம் அட்டைக்கடியோட ஏறணும். அக்கம்மான்னு ஒரு பொம்பள, வண்டியில அவதான் மூப்பு, நேராவே சொல்லிப்பிட்டா. "தம்பி, விசயபாண்டி ஜீப்பு பக்கத்துத் தோட்டத்துல ஸ்டோரு வாசலுக்கே போகுதாம். எங்க முட்டிக்கு அதான் தோது. நீ கோவிச்சுக்கிடக் கூடாது."

அது தங்கபாண்டிக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. அன்னைக்கு வந்ததும் பேட்டரியக் கழட்டி, டெர்மினல்ல பூத்துக் கெடந்த உப்பத் தேச்சுவிட்டு, டூவீலர்ல வச்சுக்கிட்டு முத்துராஜா அண்ணே பேட்டரிக் கடைக்குப் போனான். முத்துராஜா பேசுறது டிஸ்டில் வாட்டரு சொட்டு விழுற மாதிரி இருக்கும். ஒரு வார்த்தை. கொஞ்ச நேரம். இன்னொரு வார்த்தை. தண்ணி ஊத்தி, மறுநா பூராம் சார்ஜ் போட்டு வச்சாரு. அன்னைக்கு வண்டிக்கு லீவு. சாயங்காலம் இவன் போயி நின்னதும் மீட்டர் ஒயரு ரெண்டையும் ரெண்டு முனையில வச்சாரு. பன்னெண்டே முக்காலு காமிச்சுச்சு.

தங்கபாண்டி குதிச்சான். "பாத்தீகளாண்ணே! நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், பேட்டரி தங்கம்னு."

"இது... சும்மா இருக்கையில காட்டுறது தம்பி."

"சும்மா இருக்கையிலயே இம்புட்டுக் காட்டுனா வேலை செய்யையில?"

"வேலை செய்யையிலதான் கொறையும். இந்தா பாரு. உள்ள தள்ளுற தெம்பு அப்பிடியேதான் இருக்கு. ஆனா தகடெல்லாம் உப்பேறிப் போச்சு. அது உள்ளயே ஒரு தடுப்பு. பல்பு கொஞ்சூண்டு கரண்டுதான் கேக்கும், தடுப்பு தெரியாது. செல்ஃபு மோட்டாரு மொத்தமா உறிஞ்சும். அப்ப தெம்பு பூராம் உள்ளயே செலவாயிரும். வெளியில வந்து சேர்றது சொச்சந்தான். குளுருல இன்னும் மோசம். இரு, லோடு டெஸ்டர வச்சுப் பாத்துருவோம்."

லோடு டெஸ்டர்னா கவட்ட மாதிரி ரெண்டு காலு உள்ள ஒண்ணு. பேட்டரி மேல வச்சு அமுக்குனா, செல்ஃபு உறிஞ்சுற மாதிரியே அதுவும் உறிஞ்சும், பேட்டரி தாக்குப் பிடிக்குதான்னு தெரிஞ்சிரும். ஆனா கம்பத்து ஜீப்பு டிரைவருகளுக்கு அது ஆகாது. அத வச்சு அமுக்குனா நல்ல பேட்டரியும் அன்னைக்கே செத்துப் போகும்னு அவுகளுக்குள்ள ஒரு பேச்சு. முத்துராஜா அத எடுக்கப் போனதும் தங்கபாண்டி பேட்டரிய நெஞ்சோட சேத்துத் தூக்கிட்டான்.

"வேணாம்ண்ணே. உள்ள இருக்கிற உசுர எதுக்கு உறிஞ்சிக்கிட்டு."

"ஏப்பா, நல்ல பேட்டரின்னா அது ஒண்ணும் செய்யாதுப்பா."

"பன்னெண்டே முக்காலு காட்டுதுல்ல. அது போதும்."

நெசமாலுமே அவன் பயந்தது டெஸ்டருக்கு இல்ல. அத வச்சு அமுக்குனா முள்ளு விழுந்துரும்னு அவனுக்கே தெரியும். விழுகாத நம்பரோட வீட்டுக்குப் போகணும், அம்புட்டுதான் ஆசை.

மறுநா விடியக்காலம். பொம்பளைக எல்லாம் ஏறி உக்காந்தாச்சு. தங்கபாண்டி சாமி கும்புட்டுச் சாவியத் திருகுனான். கிர்ர்ர், கிர்ர்ர், டுர்ர்ருனு வண்டி கிளம்பிருச்சு. வண்டிக்குள்ள ஒரே குலவைச் சத்தம்.

"ஆத்தாடி! ஊமைக்குப் பேச்சு வந்திருச்சு!"ன்னா ராக்கம்மா. "இனிமே நான் என்னத்த நடிப்பேன்? எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டீகளே கொழுந்தனாரே!"

மேல ஏற ஏற மூட்டம் கூடிருச்சு. ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக்கிட்டேதான் போனான். செக்போஸ்ட் தாண்டித் தோட்டத்துக்கு வந்தாக. எப்பவும் நிப்பாட்டுற சரிவு வந்துச்சு. நிப்பாட்டல. யாரும் அவனக் கீழ எறக்கச் சொல்லவும் இல்ல. அவனாத்தான் ஸ்டியரிங்க ஒடிச்சு, மண்ணு ரோட்டுல எறக்கி, குழிக்குள்ள ஸ்டோரு வாசல்ல கொண்டு போயி வட்டமடிச்சு நிப்பாட்டுனான். கதவத் திறந்துவிட்டு, "எறங்குங்க மகாராணிகளா"ன்னான். அக்கம்மா முட்டியத் தடவிக்கிட்டே, "விசயபாண்டிக்கு இனி சோலி இல்ல"ன்னா. அவனுக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. எஞ்சின அமத்திட்டுச் சீட்டச் சாச்சுப் பாட்டுப் போட்டான். பேட்டரிதான் நல்லாருக்கேன்னு காலையில பூராம் பாட்டு ஓடுச்சு. வெளியில சாரலு. குளுரு தகரத்துக்குள்ள எறங்குச்சு.

ஸ்டோருக்குக் காவலு ஜாஸ்பரு. குமுளிப் பக்கம். பாதி தமிழு, பாதி மலையாளம், ரெண்டும் ஒரே வாயில சண்டை போடும். அவன் கட்டஞ்சாயா கொண்டாந்து குடுத்தான். "சேட்டா, வண்டி இவிடயே வந்துருச்சே! எந்து பற்றி, என்னாச்சு?"

"செல்ஃபு ரெடியாயிருச்சு ஜாஸ்பரு."

அவன் அதச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதுதான் மேக்க இருந்து காத்து வந்துச்சு. ஆடிக்காத்து ஏலக்காட்டுக்குள்ள வரும்போது மொதல்ல எலைக சலசலக்கும், பெறகு மரங்க முனகும். அன்னைக்கு முனகல. படார்னு ஒரு முறிவுச் சத்தம். அதுக்குப் பின்னாடி பொம்பளைக அலறுன சத்தம்.

நெழலு மரத்துக் கொம்பு. ஒரு ஆளு தண்டி. ராக்கம்மா குனிஞ்சு காய் எடுத்துக்கிட்டு இருந்திருக்கா. முதுகோட சேத்து இடுப்புல விழுந்திருச்சு. தங்கபாண்டி ஓடிப் போயிப் பாக்கும்போது கொம்பத் தூக்கி அந்தாண்ட போட்டுட்டாக. அவ ஏலச்செடிகளுக்கு எடையில மல்லாக்கக் கெடந்தா. கண்ணு முழிச்சிருந்துச்சு. வெளியில பெருசா ரத்தம் இல்ல, முழங்கையில சிராய்ப்பு மட்டும். ஆனா மொகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்திருந்துச்சு. வயித்தத் தொட்டா, "தொடாதீக"ங்குறா.

"ஒண்ணும் இல்ல மதினி. இந்தா, கம்பத்துக்குப் போயிருவோம்."

சாக்க விரிச்சு அதுல வச்சு நாலு பேரு தூக்கியாந்தாக. தோட்டத்துப் பிக்கப்பு அன்னைக்குன்னு காய் ஏத்திக்கிட்டு ஏலம் விடுற எடத்துக்குப் போயிருச்சு. குழிக்குள்ள செல்லுக்கு டவரும் கெடையாது. ஆனா யாரும் அதப் பத்திக் கவலப்படல. வாசல்லயே ஜீப்பு நிக்குதே. பின் சீட்டுல அவளப் படுக்க வச்சு, தலைய அக்கம்மா மடியில வச்சாக. தங்கபாண்டி ஏறி உக்காந்து சாவியத் திருகுனான்.

டிக்.

டாஷ்போர்டு லைட்டு செத்துப் போற மாதிரி மங்கி, கைய எடுத்ததும் பளிச்சுனு வந்துச்சு. மறுபடி திருகுனான். டிக். ஹார்ன் அடிச்சுப் பாத்தான். நல்லா அடிச்சுச்சு. மறுபடி. டிக்.

பின்னாடி இருந்து, ரொம்ப மெதுவா, நாக்கு ஒட்டுற சத்தம் கேட்டுச்சு. "டிக்"ன்னா ராக்கம்மா. சிரிக்கத்தான் பாத்தா. சிரிப்பு பாதியில வலியா மாறிருச்சு.

"தள்ளுங்க! எல்லாரும் தள்ளுங்க!"

தள்ளுனாக. சமதரையில பத்தடி உருண்டுச்சு, கிளட்ச விட்டான். சேத்துல சக்கரம் சறுக்கிக்கிட்டு இழுபட்டுச்சே தவிர எஞ்சின் சுத்தல. பின்னால இழுத்துட்டு வந்து திரும்பத் தள்ளுனாக. ஸ்டோரு வாசல்ல இருந்து ரோட்டுக்குப் போறது செங்குத்தான ஏத்தம். அதுல ஏத்திட்டா அங்கிட்டு இறக்கம், கிளம்பிரும். பொம்பளைக முட்டியும் முழங்கையும் சேறா, வண்டிக்கு அடியில விழுகாத கொறையாத் தள்ளுனாக. பாதி ஏத்தத்துல வழுக்கி, மொத்த வண்டியும் திரும்ப அவுக மேலயே வரப் பாத்துச்சு. அக்கம்மா உள்ள இருந்து கத்துனா. "நிப்பாட்டுங்கடி! இவ குலுங்குறதுல துடிக்கிறா!"

ஜாஸ்பரு ஒரு மீட்டரத் தூக்கிக்கிட்டு வந்தான், ஸ்டோருல காயப் போடுற மிஷினுக்கு வச்சிருக்கிறது. பேட்டரியில ஒயர வச்சான். பன்னெண்டரை.

"பேட்டரி நல்லதுதானே சேட்டா?"

"பிடிச்சுக்கிட்டே இரு, நான் திருகுறேன். நம்பரச் சொல்லு."

திருகுனான். டிக்.

"நாலு... அய்யோ, நாலுதான் உண்டு. இப்ப கைய எடுத்தீங்களா? பன்னெண்டு வந்துருச்சு. திருகுங்க. நாலு."

தங்கபாண்டி சாவியில கைய வச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருந்தான். சும்மா இருக்கையில காட்டுறது தம்பின்னு அந்தச் சொட்டுச் சொட்டுக் கொரலு காதுக்குள்ள வந்து விழுந்துச்சு. அந்தக் கடையில, எல்லாரும் வீட்டுக்குப் போற சாயங்காலத்துல, ஒரு தடவ அமுக்க விட்டிருந்தா இதே நாலு அங்கனயே தெரிஞ்சிருக்கும். இந்த ஜீப்பு இந்நேரம் மேல சரிவுல நின்னிருக்கும்.

ஸ்டோருக்குள்ள லைட்டுக்குன்னு பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பேரு தூக்க முடியாமத் தூக்கியாந்தாக. அதுல இருந்து இதுக்குக் குடுக்கத் தடி ஒயரு இல்ல. பல்புக்கு இழுக்கிற ஒயருதான் இருந்துச்சு. அத முறுக்கிக் கட்டித் திருகுனான். ஒயரு சூடாகி, மேல தோலு உருகிப் பொகைஞ்சு, ஜாஸ்பரு கைய ஒதறிக்கிட்டு விட்டுட்டான். டிக். ரெண்டு புரி மூணு புரியா ஒயர அடுக்கிக் கட்டுனாக. மோட்டாரு ஒரு தடவ உர்ருனு மொனகுச்சு, அரைச் சுத்து சுத்துன மாதிரி இருந்துச்சு, நின்னு போச்சு.

"மதினி, இந்தா... இந்தாக் கிளம்பிரும்"னு சொல்லிக்கிட்டே இருந்தான். அவ பேச்ச விட்டுட்டா. தண்ணி மட்டும் கேட்டா. குடுக்கக் கூடாதுன்னு அக்கம்மா துணிய நனைச்சு ஒதட்டுல வச்சா.

கடைசியில அக்கம்மாதான் முடிவு பண்ணுனா. "ஏலே, வண்டிய விடுடா! தூக்குங்கடி இவள!" அந்த மூப்பு உடம்பு எப்பிடி ஏறுச்சோ, அவளே முன்னாடி மேட்டுல ஏறி ரோட்டுக்கு ஓடுனா. மத்தவுக சாக்குக்கு ரெண்டு கம்பு கோத்து ராக்கம்மாவச் சுமந்துக்கிட்டு அந்தச் சேத்து ஏத்தத்துல ஏறுனாக. ஒவ்வொரு வழுக்கலுக்கும் அவ முனகுனா. கம்போட ஒரு நுனி தங்கபாண்டி தோள்ல. சாரலு நிக்காம அடிச்சுச்சு. மேல போயும் ரொம்ப நேரம் ஒரு வண்டியும் வரல. பெறகு வந்தது விசயபாண்டி ஜீப்பு.

விசயபாண்டி ஏத்திக்கிட்டு ஹார்ன்ல வச்ச கையெடுக்காம எறக்குனான். செக்போஸ்டுல ஏட்டையா பாத்துட்டுத் தடுப்புக் கம்பத் தூக்கிவிட்டாரு. கொஞ்ச வளைவு எறங்குனதும் மூட்டம் வெலகி, கீழ பள்ளத்தாக்குப் பூராம் வெயிலு தெரிஞ்சுச்சு. தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தலு, கம்பத்து ஊரு. ராக்கம்மா அவன் கையப் பிடிச்சிருந்தா. பிடி இறுகும், விடும், இறுகும். ஒரு வளைவுல விட்டது, பெறகு இறுகல. தங்கபாண்டி யாருகிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் அந்தக் கையத் தேச்சுக்கிட்டே வந்தான்.

டாக்டரு சின்ன வயசுப் பொம்பள. வெரலால கண்ண விலக்கிப் பாத்தாக, காதுல மாட்டுனத வச்சுக் கேட்டாக. "உள்ள ரத்தம் போயிருக்கு. எப்ப அடிபட்டுச்சு?"ன்னு கேட்டாக. கூட வந்தவுக ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக.

"இப்பத்தான்மா. விழுந்த ஒடனேயே கொண்டாந்துட்டோம்"ன்னா அக்கம்மா.

டாக்டரு அக்கம்மா காலுல காஞ்சு போயிருந்த சேத்தப் பாத்தாக. அப்பிடியே எழுதப் போயிட்டாக. நாளைக்குத்தான் அறுத்துப் பாத்து ஒடம்பக் குடுப்போம்னாக.

வெளியில வேப்ப மரத்தடியில பொம்பளைக அவனச் சுத்தி நின்னாக. அக்கம்மா கொரலத் தணிச்சுப் பேசுனா. "இங்கேரு தம்பி. கொம்பு விழுந்த ஒடனே உசுரு போயிருச்சு. வலியே தெரியல. இதுதான் நாங்க சொல்லப் போறது. நீயும் அதயே சொல்லு. ஒன் வண்டியப் பத்தி ஒருத்தி வாயத் திறக்க மாட்டா. அழகுமலைக்குத் தெரிஞ்சா ஒரு குடும்பம் ரெண்டாப் போகும். போனவ போயிட்டா."

அவன் தலைய ஆட்டுனான். ஆட்டிட்டுப் போன எடுத்துக்கிட்டுச் செவுத்தோரமாப் போனான்.

அழகுமலை எடுத்தாரு. பின்னாடி தையல் மிஷினுக ஓடுற சத்தம். "சொல்லுடா பாண்டி, வேலை நேரத்துல கூப்புடுற?"

சொன்னான். மதினி போயிருச்சுண்ணேன்னு சொன்னான். கொம்பு விழுந்துச்சுன்னு சொன்னான். மிஷினுக மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவன் நிப்பாட்டியிருக்கலாம். அக்கம்மா சொன்ன எடம் அதுதான்.

"அண்ணே. கொம்பு கொல்லலண்ணே. ரொம்ப நேரம் உசுரோட இருந்துச்சு. என் வண்டி கிளம்பல. நான் கீழ கொண்டு போயி நிப்பாட்டிட்டேன். பேட்டரி கெட்டதுன்னு கடையில சொன்னாக, பாக்க விடாமத் தூக்கியாந்துட்டேன்."

மிஷினுக ஓடுச்சு. எங்கயோ ஒருத்தன் பாட்டு முணுமுணுத்தான். பெறகு அழகுமலை பேசுன கொரலு, அவரு கொரலே இல்ல.

"கயலுக்குத் தெரியுமா?"

"இல்லண்ணே. பள்ளிக்கூடம் இப்பத்தான் விட்டிருக்கும்."

"நான் பஸ் ஏறுறேன். வர விடிஞ்சிரும். அதுக்குள்ள யாராச்சும் ஒருத்தி போயி அது இதுன்னு சொல்லி வச்சிருவா. நீ போ. எங்கிட்டச் சொன்னத அப்பிடியே அதுகிட்டயும் சொல்லு. பெறகு நீ எம் மூஞ்சியில முழிக்கிறதா வேணாமான்னு நான் வந்து சொல்றேன்."

நடந்தேதான் போனான். தெருவுல அவனப் பாத்து, "என்னப்பா, வண்டி எங்க?"ன்னு ரெண்டு பேரு கேட்டாக. கயலு யூனிஃபார்மோட வாசப்படியில உக்காந்து கொத்தவரங்கா ஆஞ்சுக்கிட்டு இருந்தா. அவன் சட்டை பூராம் சேறு. அவனுக்குப் பின்னாடி தெரு முக்கு வரைக்கும் எட்டிப் பாத்தா.

"அம்மா வரல?"

அவன் தரையில, அவளுக்கு எதிர்த்தாப்புல உக்காந்தான். அண்ணன்கிட்டச் சொன்னத முதல்ல இருந்து சொன்னான். கடையில சொன்னது, கீழ நிப்பாட்டுனது, திருகுனது, தள்ளுனது, சுமந்தது. ஒண்ணையும் விடல. கயலு காயி ஆயுறத நிப்பாட்டல. கேட்டுக்கிட்டே ஒவ்வொண்ணா ஒடிச்சு முறத்துல போட்டுக்கிட்டு இருந்தா. எல்லாம் முடிஞ்சு காயே இல்லாத பெறகும் வெரலு ஒடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"அம்மாவுக்கு வலிச்சுச்சா சித்தப்பா?"

வலியே தெரியலன்னு சொல்ல வாய் வந்துச்சு. அவ மொகத்தப் பாத்தான்.

"வலிச்சுச்சு கயலு"ன்னான். "ரொம்ப நேரம் வலிச்சுச்சு."